தடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும்

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், பாலின அங்கீகாரச் சீர்திருத்த மசோதாவை 2022 டிசம்பர் 22 அன்று நிறைவேற்றியது. ஆதரவாக 86 வாக்குகள், எதிராக 39. ஆனாலும் அது சட்டமாகவில்லை. 26 நாள் கழித்து, 2023 ஜனவரி 17 அன்று, லண்டன் அரசில் ஸ்காட்லாந்து விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் அலிஸ்டர் ஜாக் ஓர் ஆணை பிறப்பித்து அதை நிறுத்தினார். 1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் 35ஆம் பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் அது. சட்டம் வந்த கால் நூற்றாண்டில் அந்தப் பிரிவு பயன்படுத்தப்பட்டது அதுவே முதல்முறை.

அந்த நிறுத்தம் நடந்த விதம் கவனிக்கத்தக்கது. ஆணையோடு சேர்த்துக் காரண விளக்கமும் வெளியானது. பிரிட்டன் முழுமைக்கும் பொதுவான 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் செயல்பாடு இந்த மசோதாவால் பாதிக்கப்படும் என்பது அதன் சாரம். அன்றைக்கே அமைச்சர் காமன்ஸ் அவையில் எழுந்து விளக்கம் சொன்னார். ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் அவரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார்கள். எடின்பரோ அரசு வழக்குப் போட்டது. 2023 டிசம்பர் 8 அன்று நீதிபதி லேடி ஹால்டேன், ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று அந்த மாதத்திலேயே எடின்பரோ அரசு அறிவித்துவிட்டது. நிறைவேறியதிலிருந்து வழக்கு முடியும்வரை மொத்தம் ஓராண்டு. தோற்றவர்களின் கோபம் ஆறவில்லை. நியாயம் யார் பக்கம் என்ற வாதமும் ஓயவில்லை. ஆனால் மசோதா யார் மேசையில் இருக்கிறது, எதற்காகக் கிடக்கிறது என்று கேட்க வேண்டிய நிலை மட்டும் யாருக்கும் வரவில்லை.

அதே ஜனவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாக்கள் கிண்டியில், ஆளுநர் மாளிகையில், வரிசையாகக் காத்திருந்தன. அவற்றில் இரண்டு 2020இல், அதிமுக ஆட்சியில் நிறைவேறியவை. ஏற்கப்பட்டனவா, மறுக்கப்பட்டனவா, பரிசீலனையில் உள்ளனவா என்று கேட்டால் கிடைத்த விடை மௌனம்தான்.

ஆளுநர் பதவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு ஆளுநர் எதற்கு என்று அண்ணா கேட்டதில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது. பதவி வேண்டுமா, வேண்டாமா என்பது பெரிய கேள்வி. இப்போதைக்கு அதைவிடச் சிறிய கேள்வி ஒன்று போதும். ஒரு மாநிலச் சட்டத்தை ஒன்றியம் தடுக்க நினைத்தால் அதை யார் செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும், காரணத்தை எங்கே எழுத வேண்டும், எந்த நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்? இந்த நான்குக்கும் லண்டன் தன் சட்டத்தில் விடை எழுதிவைத்திருக்கிறது. லண்டனிடமிருந்து ஆளுநர் பதவியையே வாங்கிக்கொண்ட நாம் இன்னும் எழுதவில்லை.

1708க்குப் பிறகு

பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு முடியரசர் ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708இல். ஸ்காட்லாந்தில் குடிப்படை அமைப்பதற்கான மசோதா அது. பிரெஞ்சுக் கப்பல் படை ஸ்காட்லாந்தை நோக்கி வருகிறது என்ற சேதி வந்த நேரம். ஆயுதம் தவறானவர்கள் கைக்குப் போய்விடும் என்று அமைச்சர்கள் அஞ்சினார்கள். அவர்கள் சொல்படியே ராணி ஆன் மறுத்தார். கடைசி மறுப்புகூட அமைச்சரவையின் அறிவுரைக்கு எதிராக நடக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு மறுக்கும் ஆசை யாருக்கும் வரவில்லை என்று அர்த்தமில்லை. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதா பிரிட்டனைப் பிளந்தபோது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அந்த யோசனையோடு மல்லுக்கட்டினார். 1914 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தார். 2019இல் பிரெக்ஸிட் சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஒப்பந்தமின்றி வெளியேறுவதைத் தடுக்கும் மசோதாவை எதிர்க்கட்சியினரும் ஆளுங்கட்சி அதிருப்தியாளர்களும் சேர்ந்து நிறைவேற்றினார்கள். பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குச் சற்றும் பிடிக்காத மசோதா அது. 2019 செப்டம்பர் 9 அன்று அதற்கும் ஒப்புதல் வந்துவிட்டது.

முடியரசர் நேரில் வந்து ஒப்புதல் தருவது 1854இல் விக்டோரியாவோடு முடிந்துபோனது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, இரு அவைத் தலைவர்களும் தத்தம் அவையில் ஒப்புதலை அறிவித்தால் போதும். பழைய சடங்கைப் பார்க்க வேண்டுமானால் கூட்டத்தொடர் முடிகிற நாளில் பிரபுக்கள் அவைக்குப் போக வேண்டும். சிவப்பு அங்கி அணிந்த பிரபுக்கள் சிலர் அரியணைக்கு முன்னால் ஒரு பலகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காமன்ஸ் உறுப்பினர்கள் அழைத்துவரப்பட்டு வாசலருகே நிற்பார்கள். அரச எழுத்தர் மசோதாவின் பெயரை மட்டும் வாசிப்பார். நாடாளுமன்ற எழுத்தர் திரும்பி, மன்னருக்குச் சம்மதம் என்று நார்மன் காலத்துப் பிரெஞ்சில் ஒரு வரி சொல்வார். குனிந்து வணங்கிவிட்டு அடுத்த மசோதா. ஒரு மசோதாவுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அரசர் பரிசீலித்துப் பார்ப்பார் என்று மறுப்புக்கும் ஒரு வரி உண்டு. அந்த வரி 300 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஒலித்ததில்லை.

இந்தச் சடங்கையும் நீதிமன்றம் விட்டுவைக்கவில்லை. 2019 செப்டம்பரில் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கினார். அந்த முடக்க விழாவில் நாடாளுமன்றக் கட்டடப் புனரமைப்பு மசோதாவுக்கு ஒப்புதல் வாசிக்கப்பட்டது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து, முடக்கம் சட்டவிரோதம், எனவே நடக்காததற்குச் சமம் என்றார்கள். விழா செல்லாது என்றால் அதில் வாசித்த ஒப்புதலும் செல்லாது. அக்டோபர் 8 அன்று அந்த மசோதாவுக்கு மறுபடி ஒப்புதல் அறிவிக்க வேண்டியதாயிற்று. அரசரின் பெயரால் நடக்கும் காரியத்தைக்கூட நீதிமன்றம் இப்படி உரித்துப் பார்க்க முடிகிற நாட்டிலிருந்துதான் நம் ஆளுநரின் அதிகாரம் வந்தது.

கப்பலேறி வந்த விருப்புரிமை

வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1935இல் வெஸ்ட்மின்ஸ்டர் இயற்றிய இந்திய அரசுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, மாகாண மசோதாவுக்கு ஆளுநர் தன் விருப்புரிமைப்படி ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், அல்லது கவர்னர் ஜெனரலுக்காக ஒதுக்கிவைக்கலாம் என்றது. தன் நாட்டில் வழக்கொழிந்துவிட்ட ஓர் அதிகாரத்தை லண்டன் சென்னைக்கும் பம்பாய்க்கும் உயிரோடு அனுப்பிவைத்தது. காரணம் வெளிப்படை. அங்கே மன்னர் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டவர். இங்கே ஆளுநர் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையைக் கட்டுக்குள் வைக்க வந்தவர்.

இதைச் சென்னை அன்றே புரிந்துகொண்டது. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் பிடித்தது. ஆனாலும் ராஜாஜி உடனே பதவியேற்கவில்லை. அமைச்சரவையின் அன்றாட வேலையில் ஆளுநர் தன் சிறப்பு அதிகாரங்களைக் கொண்டு குறுக்கிட மாட்டார் என்ற உறுதி வேண்டும் என்று காங்கிரஸ் நின்றது. ஏப்ரல் முதல் தேதி கே.வி.ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை வந்தது. ஜூனில் வைஸ்ராய் லின்லித்கோ விளக்கம் தந்த பிறகு, ஜூலையில்தான் ராஜாஜி முதல்வரானார். ஆளுநர் எர்ஸ்கினின் காலம் அது. ஆளுநரின் அதிகாரத்துக்கு எதிராகச் சென்னையில் எழுந்த முதல் பெரும் கலகம் திமுகவுடையது இல்லை, காங்கிரஸுடையது.

பத்தாண்டு கழித்து அதே காங்கிரஸ் அரசமைப்புச் சட்டம் எழுத உட்கார்ந்தது. 1947இல் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனை இருந்தது. 1949 மே மாதம் அது கைவிடப்பட்டு, நியமன ஆளுநர் வந்தார். மசோதாக்கள் பற்றிய கூறின் வரைவில் விருப்புரிமை என்ற சொல் இருந்தது. இறுதி வடிவத்தில் நீக்கப்பட்டது. இது முன்னேற்றம். ஆனால் கெடு? குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய கூறில் முதலில் ஆறு வாரம் என்று இருந்தது; அது ‘கூடிய விரைவில்’ என்று தளர்த்தப்பட்டது. இந்தத் தளர்ச்சி சரியில்லை என்று எச்.வி.காமத் அன்றே ஆட்சேபித்தார். மாநில ஆளுநர் பற்றிய 200ஆம் கூறிலும் அதே ‘கூடிய விரைவில்’தான் இடம்பிடித்தது. ஆளுநர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டும் அறிவுறுத்தல்களை ஓர் அட்டவணையாகச் சேர்க்கும் திட்டமும் 1949 அக்டோபரில் கைவிடப்பட்டது. அதையெல்லாம் மரபுக்கே விட்டுவிடலாம் என்று அவையில் சொன்னவர் நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

மரபுக்கு விட்டார்கள். மரபு முளைக்கவில்லை. லண்டனில் மரபு 300 ஆண்டு வளர்ந்ததற்குக் காரணம், மறுத்தால் முடியே போய்விடும் என்ற பயம். நியமன ஆளுநருக்கு அப்படி இழக்க என்ன இருக்கிறது? நியமித்தவரின் தயவு ஒன்றுதான். அந்தத் தயவு வெகுமதியாகக் கிடைப்பது தடுத்ததற்கே ஒழிய, ஒதுங்கியிருந்ததற்கு இல்லை.

ஒரே கை, இரண்டு விதம்

200ஆம் கூறு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இணைய சூதாட்ட மசோதாவைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. இணைய சூதாட்டத்தில் பணத்தை இழந்து குடும்பங்கள் சிதைந்த செய்திகள் தொடர்ந்து வந்தபோது, தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2022 அக்டோபர் தொடக்கத்தில் ஆளுநர் ஆர்.என்.ரவி அதில் கையெழுத்திட்டார். அதற்கு மாற்றாக அக்டோபர் 19 அன்று சட்டப்பேரவை மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. அதில் கையெழுத்து வரவில்லை. நவம்பர் 27 அன்று அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச்சில், இப்படிச் சட்டம் செய்யச் சட்டப்பேரவைக்கு அதிகாரம் இல்லை என்று மசோதா திரும்பி வந்தது. அதிகாரம் இல்லையென்றால் அவசரச் சட்டத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பேரவை மார்ச் 23 அன்று மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

கதை அத்தோடு முடியவில்லை. விளையாட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் பொதுவாகச் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த விளையாட்டுகள் என்பதால் அவற்றின் மீதான தடை செல்லாது என்றது. ஆக, ஆளுநரின் சந்தேகத்தில் ஓரளவு சரக்கு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சந்தேகத்தை வெளிச்சத்தில் வைத்து, இரு தரப்பையும் கேட்டு, எது நிற்கும், எது விழும் என்று பிரித்துச் சொல்ல உயர் நீதிமன்றத்துக்குச் சில மாதங்கள் போதுமானதாக இருந்தன. கிண்டியில் அது நான்கு மாதத்துக்கு மேல் கிடந்தது. அந்தக் காலத்தில் பெரும்பகுதி மாநிலத்தில் அந்தச் சட்டமே இல்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த பேரறிவாளனின் விவகாரம் இன்னும் கசப்பானது. விடுதலை செய்யலாம் என்று மாநில அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகை இரண்டு ஆண்டுக்கு மேல் அதை வைத்திருந்து, 2021இல் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி விடுவித்தது. விடுதலை சரியா, தவறா என்பதில் இரு கருத்து இருக்கலாம். முடிவே எடுக்காமல் ஒரு மனிதரின் ஆயுளில் மூன்றரை ஆண்டைக் கோப்புக்குள் வைத்திருப்பதை எந்தக் கருத்தும் நியாயப்படுத்தாது.

மௌனம் ஆளுநருக்கு மட்டும் வசதி என்று நினைக்க வேண்டாம். மருத்துவ நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாடு 2017இல் நிறைவேற்றிய இரண்டு மசோதாக்களுக்கு அந்த செப்டம்பரிலேயே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது. மக்களுக்கு அது தெரியவந்தது 2019 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு வாய் திறந்தபோது. மறுத்தவர்கள் காரணம் சொல்லவில்லை. மறுக்கப்பட்டவர்கள் அதை ஊருக்குச் சொல்லவில்லை. காரணத்தோடு, தேதியோடு, பகிரங்கமாக மறுக்க வேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால் இந்த இரட்டை மௌனத்துக்கு இடமே இருந்திருக்காது.

நீதிமன்றம் போன தூரம்

பஞ்சாப் வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மசோதாவை வெறுமனே கிடப்பில் போட ஆளுநருக்கு உரிமையில்லை என்றது. உடனே தமிழ்நாட்டில் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது. நவம்பர் 18 அன்று சட்டப்பேரவை சிறப்புக் கூட்டம் கூடி அத்தனையையும் மறுபடி நிறைவேற்றியது. பத்தே நாளில் அவை குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லி, அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் மாதக் கெடுக்களையும் வகுத்தது.

மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தார்கள். அரசமைப்புச் சட்டத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது. கெடு தாண்டினால் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருதவும் முடியாது. அதே சமயம், மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் ஆளுநர் சும்மா நிறுத்திவைக்கவும் முடியாது. காரணமில்லாமல் நெடுநாள் கிடப்பில் கிடந்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம்.

இந்தக் கருத்துரையைத் தமிழ்நாட்டின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். கெடு எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று நீதிமன்றம் பந்தைத் திருப்பி அடித்திருக்கிறது என்றே அதைப் படிக்க வேண்டும். நியாயமான காலம் எது என்று ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு மாநிலம் டெல்லிக்கு வழக்கறிஞர்களை அனுப்பி நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது. ஒப்புதலுக்குக் காலவரம்பு வேண்டும் என்பது புதிய கோரிக்கையும் அல்ல. வெங்கடாசலய்யா ஆணையம் நான்கு மாதம் என்றது. பூஞ்சி ஆணையம் ஆறு மாதம் என்றது. இரண்டு அறிக்கையும் அலமாரியில் இருக்கின்றன.

தடையே கூடாதா?

இங்கே எதிர்வாதம் ஒன்றுக்கு நேர்மையாக முகம் கொடுக்க வேண்டும். மாநிலப் பெரும்பான்மை எப்போதும் நியாயமாகவே நடக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? சிறுபான்மையினரை நசுக்கும் சட்டத்தை ஒரு மாநிலம் கொண்டுவந்தால், தடுக்க ஒருவர் வேண்டாமா?

பிரிட்டனுக்கே அந்த அனுபவம் உண்டு. 1922 முதல் 1973 வரை வட அயர்லாந்துக்கு ஓர் ஆளுநர் இருந்தார். ஹில்ஸ்பரோ மாளிகையில் குடியிருந்தார். அந்தப் பதவி தொடங்கும் தறுவாயில், உள்ளாட்சித் தேர்தலில் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை ஒழிக்கும் மசோதாவை வட அயர்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கத்தோலிக்கச் சிறுபான்மையினரின் குரலைக் குறைக்கும் மசோதா அது. டப்ளினிலிருந்து மைக்கேல் காலின்ஸ் எதிர்ப்புத் தெரிவிக்க, லண்டன் ஒப்புதலை ஏறக்குறைய இரண்டு மாதம் இழுத்தது. அரசு ராஜினாமா செய்யும் என்று வட அயர்லாந்துப் பிரதமர் ஜேம்ஸ் கிரெய்க் மிரட்டினார். 1922 செப்டம்பரில் லண்டன் பணிந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆளுநர் மாளிகையில் விருந்துகள் நடந்தன. வெளியே தொகுதி எல்லைகள் வளைக்கப்பட்டன, வீட்டு ஒதுக்கீட்டிலும் வேலைவாய்ப்பிலும் பாகுபாடு நடந்தது. 1968இல் குடிமை உரிமைப் போராட்டம் வெடித்தது, 1972இல் லண்டனின் நேரடி ஆட்சி வந்தது, 1973இல் ஆளுநர் பதவியே ஒழிக்கப்பட்டது. ஒப்புதலைத் தாமதிக்கும் அதிகாரம் ஒரு சிறுபான்மையினரையும் காக்கவில்லை. இந்த அனுபவத்துக்குப் பிறகு, 1998இல் ஸ்காட்லாந்துக்கு அதிகாரம் பகிர்ந்தபோது, லண்டன் ஆளுநரை அனுப்பாமல் நீதிமன்றக் கதவைத் திறந்துவைத்தது.

அந்தக் கதவு 33ஆம் பிரிவு. மசோதா நிறைவேறிய நான்கு வாரத்துக்குள் அரசின் சட்ட அதிகாரிகள் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். கெடு முடிந்தால் வாய்ப்பும் முடிந்தது. குழந்தைகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கும் மசோதாவை ஸ்காட்லாந்து 2021 மார்ச்சில் ஒருமனதாக நிறைவேற்றியது. லண்டன் ஏப்ரலில் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அக்டோபரில், சில பிரிவுகள் அதிகார எல்லையைத் தாண்டுகின்றன என்று தீர்ப்பு வந்தது. எடின்பரோ அவற்றைத் திருத்தி 2023 டிசம்பரில் மறுபடி நிறைவேற்றியது; இன்று அது சட்டம்.

இது நமக்கு அந்நியமான வழியும் அல்ல. 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அரசு கொண்டுவந்த கல்வி மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே மாதம் கருத்து வந்தது. சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் உரிமை பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புரை அது. சந்தேகம் வந்தால் நீதிமன்றத்துக்கு அனுப்பு என்ற வழியை நாம் ஸ்காட்லாந்துக்கு 40 ஆண்டு முன்பே நடந்து பார்த்துவிட்டோம். நடந்ததை விதியாக எழுதிவைக்கத்தான் மறந்தோம்.

ஆளுநர் மட்டும் இருக்கும் மாகாணம்

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் வாழும் ஈழத் தமிழர்களிடம் ஆளுநர் என்று சொன்னால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது கிண்டி அல்ல, யாழ்ப்பாணம். 1987இல் இலங்கையின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளையும், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் நடக்கவே 2013 செப்டம்பர் ஆனது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30ஐ வென்றது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சி.வி.விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். எதிரே ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஜெனரல் சந்திரசிறி. 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் ஆண்டுகள் ஓடின. ஆளுநர்கள் மட்டும் மாறி மாறி வந்தார்கள்.

விசித்திரம் என்னவென்றால், மாகாண சபை இரண்டாம் முறை நிறைவேற்றிய நியதிச்சட்டத்தை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கு ஒரு மாதக் கெடு இலங்கை அரசமைப்பில் உண்டு. நம்மிடம் இல்லாத கெடு அது. சபையே இல்லாத இடத்தில் கெடு இருந்து என்ன பயன் என்பதற்கும் இலங்கையே உதாரணம். கெடு அவசியம், கெடு மட்டும் போதாது.

லண்டனைக் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டுவதும் என் நோக்கம் இல்லை. அரச குடும்பத்தின் உரிமையைத் தொடும் மசோதாக்களுக்கு விவாதத்தின்போதே அரசரின் இசைவு பெற வேண்டும் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஈராக் மீது ராணுவ நடவடிக்கைக்கு நாடாளுமன்ற அனுமதி வேண்டும் என்று 1999இல் டாம் டல்யெல் கொண்டுவந்த மசோதா, அரசின் அறிவுரைப்படி ராணியின் இசைவு மறுக்கப்பட்டதால் விவாதத்துக்கே வராமல் போனது. ஸ்காட்லாந்தில் பலருக்கு 35ஆம் பிரிவு இன்றும் ஆறாத புண். தவிர, பிரிட்டன் கூட்டாட்சி நாடும் அல்ல. வெஸ்ட்மின்ஸ்டர் நினைத்தால் ஸ்காட்லாந்து சட்டத்தையே மாற்றலாம். கூட்டாட்சி அல்லாத நாடே தடுப்பதற்கு இவ்வளவு நெறி வகுத்திருக்கிறது என்றால், மாநிலங்களின் ஒன்றியம் என்று முதல் கூறிலேயே சொல்லிக்கொள்ளும் நாடு எவ்வளவு வகுத்திருக்க வேண்டும்?

எழுத வேண்டியது

200, 201ஆம் கூறுகளில் சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. மசோதா வந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆளுநர் கையெழுத்திட வேண்டும், அல்லது எழுத்துபூர்வமான காரணத்தோடு பேரவைக்குத் திருப்ப வேண்டும். பேரவை மறுபடி நிறைவேற்றினால் ஒதுக்கிவைக்கும் வாய்ப்பு கிடையாது. குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குவதென்றால், எந்த ஒன்றியச் சட்டத்தோடு, எந்தக் கூறோடு மோதுகிறது என்று குறிப்பிட்டு, அதை அரசிதழில் வெளியிட வேண்டும். அரசமைப்பு சார்ந்த சந்தேகம் என்றால் கெடுவுக்குள் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். கொள்கை சார்ந்த ஆட்சேபம் என்றால் அதற்குரிய ஒன்றிய அமைச்சர் தன் பெயரில் ஆணை பிறப்பித்து, நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் நுழைவுத் தேர்வு மசோதாவை ஒன்றியம் ஏற்கவில்லை என்றால், ஏன் என்று உள்துறை அமைச்சரோ சுகாதார அமைச்சரோ தமிழ்நாட்டு எம்.பி.க்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஆளுநர் அந்த இடத்திலிருந்து விலகிவிட்டால் அவருடைய பதவிக்கும் மரியாதை மிஞ்சும்.

இதற்கு வழி கரடுமுரடானதும் அல்ல. இந்தக் கூறுகளைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்கு சிறப்புப் பெரும்பான்மை போதும். மாநிலங்களில் பாதியின் இசைவு தேவைப்படும் பட்டியலில் இவை இல்லை. தேவைப்படுவது டெல்லியில் ஆள்பவருக்கு மனம். அந்த மனம் யாருக்கு வரும் என்று கேட்டால் வரலாறு சிரிக்கிறது. 1952இல் சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்களில் 152 மட்டுமே வென்ற காங்கிரஸுக்காக ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சியமைக்க அழைத்தவர் காங்கிரஸ் நியமித்த ஆளுநர் ஸ்ரீபிரகாசா. 1959இல் ஈ.எம்.எஸ். அரசையும் 1976இல் கருணாநிதி அரசையும் கலைத்தது டெல்லியில் ஆண்ட காங்கிரஸ். 1991இல் திமுக அரசைக் கலைக்க அறிக்கை தர ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்தார். அறிக்கையே இல்லாமல் கலைக்கப்பட்டது. அப்போது பிரதமர் சந்திரசேகர். அவருடைய அரசு காங்கிரஸ் ஆதரவில் நின்றது. பர்னாலாவைப் போல் ஒருவர் நல்லவராக இருந்தாலும் அமைப்பு அவரைத் தாண்டிப் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று அதே காங்கிரஸ் கர்நாடகத்தில் ஆளுநரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மைய அரசில் இருந்த காலத்தில் தானே எழுதியிருக்கக்கூடிய கெடுவை எழுதாமல் விட்ட விலை அது. 1937இல் லண்டனிடம் கேட்டதை, 1949இல் தன் கையில் பேனா இருந்தபோது அது தனக்குத்தானே எழுதித் தரவில்லை. இன்று டெல்லியில் ஆளும் கட்சிக்கும் சொல்ல வேண்டியது இதுவே. மாநிலங்களில் மட்டும் ஆளும் நிலை அதற்கும் ஒருநாள் வரும். அன்றைக்குத் தன் மசோதா கிடக்கப்போகும் மேசையின் விதியை எழுத முன்வரும் வாய்ப்பு இன்றைக்கு அதன் கையில்தான் இருக்கிறது.